தெரிந்த ஆள் வேண்டுமா?

தென்காசிப் பக்கம் எந்தக் காரியத்துக்கும் முதல் கேள்வி, "அங்க தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காவளா?" என்பதுதான். குற்றாலம் பராசக்தி கல்லூரியில் பி.எஸ்சி. படித்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வரை வந்துவிட்ட பெண்கள் வெளிநாட்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) பற்றி விசாரிக்கும்போதும் அதையே கேட்கிறார்கள். "மேடம், ஜெர்மனியில உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற எனக்கு அங்கே யாரையும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார். பிறகு உயிரியல் படிக்க சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருவர், செல்லில் புரதம் உருவாக்கும் ரைபோசோம் பற்றி சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியதைப் படித்துவிட்டு அங்கே இடம் கேட்டு எழுதினார். 1978-ல் அவர்களில் ஒருவரான பீட்டர் மூரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. அதே ரைபோசோமுக்குத்தான் 2009-ல் நோபல் பரிசு. நடுவில் நடந்ததை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை: போஸ்ட்டாக் முடித்தபின் பேராசிரியர் வேலைக்கு ஏறத்தாழ 50 இடங்களுக்கு விண்ணப்பித்தார், ஒருவரும் எடுக்கவில்லை.

நம் பிள்ளைகள் எழுதும் மடல்களைப் பார்த்திருக்கிறேன். 'உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில்' என்று ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண்வரை போகும். பெயரை மாற்றினால் வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம். எழுத வேண்டியது பத்து வரிதான்: உங்கள் இந்தக் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி, என் ஆய்வு அதை இங்கே தொடுகிறது, இந்தக் கருவியில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையாகட்டும், ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகையாகட்டும், ஆய்வகத்தில் ஒருவர் முதலில் "வா" என்று சொன்னால்தான் விண்ணப்பமே போட முடியும். முன்னதற்கு, போஸ்ட்டாக் நிலையில், பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுக்குள்; பின்னதற்கும் ஆண்டு வரம்பு உண்டு.

தெரிந்த ஆள் தேவைப்படுவது பரிந்துரைக் கடிதத்துக்கு. அதைத்தான் நாம் மலிவாக்கி வைத்திருக்கிறோம். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லும் நெறியாளர் மாணவிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். உங்கள் வேலையை உண்மையிலேயே பார்த்த மூன்று பேரை பிஎச்.டி. இரண்டாம் ஆண்டிலேயே சம்பாதித்துவிடுங்கள்.

வீட்டில் கேட்பார்கள்: "நிரந்தர வேலையா?" இல்லை, இரண்டு வருஷ ஒப்பந்தம். "முடிஞ்சதும்?" யாருக்கும் தெரியாது. முப்பது வயதுப் பெண்ணிடம் இதற்கு மேல் கல்யாணக் கேள்வியும் சேரும். பொய்யாகத் தைரியம் சொல்ல நான் தயாரில்லை. நாட்டின் பெயருக்காகப் போவதானால் போகவே வேண்டாம். உங்கள் கேள்விக்கு அங்கே ஆளும் கருவியும் இருந்தால் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களை ஆராய்கிறவருக்குக் கேள்வி இங்கேயே கிடக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் இருக்கிறது. அவர் போனால், இங்கே இல்லாத ஒரு நுட்பத்தைக் கற்றுவரப் போகலாம்.

இந்த வாரம் ஒரே ஒருவரின் கட்டுரையை முழுசாகப் படியுங்கள். பத்து வரி எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.