மண்ணு தின்னுடுமா?

போன தீபாவளி லீவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை போயிருந்தேன். மாமா தன் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றிவிட்டு, பழைய கறுப்பு எண்ணெயை வீட்டுப் பின்னால் லோங்காங்கில் ஊற்றினார்.

"மாமா, இது ஆத்துக்குப் போகுமே?"

"அதெல்லாம் மண்ணு தின்னுடும்டா."

என் செமஸ்டர் கட்டணத்தில் பாதியைக் கட்டுபவர் அவர். அதற்கு மேல் நான் பேசவில்லை.

உண்மையில் மாமா சொன்னது பாதி சரி. அங்கிருந்து அதிக தூரமில்லை, பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர். பெயருக்கே நிலக்கரி என்றுதான் அர்த்தம். நிலக்கரியிலும் பழைய இன்ஜின் எண்ணெயிலும் பென்சீன் வளையங்கள் ஒட்டிப்பிறந்த ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. அவற்றில் சில புற்றுநோய் தருபவை. ஆனால் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், மைக்கோபாக்டீரியம் போன்ற பாக்டீரியா இனங்களில் சில இவற்றையே சாப்பிட்டு வாழும். வளையத்தில் ஆக்சிஜனைச் சேர்த்து, அதை உடைத்து, கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும்.

மீதிப் பாதி? அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீனுக்கு இரண்டே வளையம், சீக்கிரம் உடைந்துவிடும். பென்சோபைரீனுக்கு ஐந்து வளையம். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத சேற்றில் வேலை இன்னும் மெதுவாகும். எண்ணெயில் இருக்கும் துத்தநாகத்தை எந்தக் கிருமியாலும் அழிக்கவே முடியாது. அதற்குள் அந்த எண்ணெய் சிலாங்கூர் ஆற்றில் இறங்கி, கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள் வரை போய்விடலாம்.

சுத்தம் செய்ய ஒன்று இருப்பதால், அசுத்தம் செய்யும் உரிமை நமக்கு வந்துவிடுமா? பரிகாரத்தையும் நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். "சனிக்கிழமை எள் விளக்கு போட்டா சரியாயிடும்" என்று தெரிந்தே தப்பு செய்கிறோம். பரிகாரம் மனம் வருந்தியவனுக்கு. முன்கூட்டியே வாங்கிவைக்கும் டிக்கெட் இல்லை அது.

"கிருமி அதன் இயல்பைச் செய்யுது, நாம நம்ம இயல்பைச் செய்றோம், இதுல பாவம் எங்க?" என்று ஒரு நண்பன் கேட்டான். கிருமிக்கு எதுவும் தெரியாது, பசிக்குச் சாப்பிடுகிறது. நமக்குத் தெரியும். தெரிந்த இடத்தில்தான் தர்மம் தொடங்குகிறது.

அப்படிப் பார்த்தால் அன்று மாமாவைவிடப் பெரிய தப்பு என்னுடையது. அவருக்குத் தெரியாது. இன்ஜினியரிங் படிக்கும் நான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை போகும்போது ஒரு காலி டின் கொண்டுபோவேன். பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமா திட்டுவார். திட்டட்டும்.