பெயர் தெரியாதவருக்கும் ஒரு கை எள்ளும் நீரும்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாட்கள். முன்னோரை நினைப்பதற்கென்று அவற்றுள் ஒன்றும் தனியே ஒதுக்கப்படவில்லை. ஆனாலும் கிடைத்த விடுமுறைக்குள்ளேயே தன் முன்னோருக்கு இடம் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பல சமூகங்களில் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் பல தமிழ் வீடுகளில் படையல் நடக்கிறது. தேக்காவில் வாங்கிய வாழையிலையில், போனவர்களுக்குப் பிடித்த பண்டங்கள் பரிமாறப்படும். சைவம்தான் வேண்டும் என்ற கட்டாயம் பல குடும்பங்களில் இல்லை. தாத்தாவுக்கு ஆட்டுக்கறி பிடித்திருந்தால் ஆட்டுக்கறிதான். நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் மலாய், தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சுவா சூ காங் அடக்கத்தலங்களுக்குப் போகின்றன. விடுமுறை இல்லாவிட்டாலும் கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள்.

சீனரின் சிங் மிங் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும். கல்லறையைக் கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தி ஏற்றி, பழமும் தேநீரும் வைத்து வணங்கும் நாள் அது. அதற்கும் விடுமுறை இல்லாததால், முன்பின் வரும் வார இறுதிகளில் குடும்பங்கள் கிளம்புகின்றன. பலருடைய பாட்டன் பூட்டன் ஜோகூரிலோ அதற்கும் வடக்கிலோ அடங்கியிருக்கிறார்கள். அந்த நாட்களில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்; அதைக் கடக்க ஆகும் நேரமே பாதி வழிபாடு எனலாம்.

பித்ரு காரியத்துக்காகப் பயணம் போவது தமிழருக்கும் பழையது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இராமேசுவரத்து அக்னி தீர்த்தக் கரை நிறைந்து வழியும். காசி, கயை, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் என்று அவரவர் வசதிக்கேற்ப ஊர் மாறும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் சிங்கப்பூர்த் தமிழர் திதியையும் அதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. கடற்கரையில் பதினைந்து நிமிடத்தில் தர்ப்பணத்தை முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் கடைவீதியில் கழித்தாலும் கடன் தீர்ந்ததாகவே சாத்திரம் கொள்ளும். மனம் அவ்வளவு எளிதில் கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

தர்ப்பணத்தில் பலரும் அவசரமாகக் கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. தந்தை வழி மூன்று தலைமுறைக்கும் தாய் வழி மூன்று தலைமுறைக்கும் எள்ளும் நீரும் இறைத்தபின், தர்ப்பையின் முடிச்சை அவிழ்த்து, கடைசியாக ஒரு கை நீர் விடப்படுகிறது. தாய், தந்தை, நண்பர், உறவினர் என எவரும் இல்லாமல் போனவர்களுக்கு உரியது அது. கோத்திரம் கேட்காமல் விடும் நீர் அது. சடங்கின் உயிர் அந்த ஒரு கை நீரில்தான் இருக்கிறது.

அந்த நீருக்கு உரியவர்கள் உட்லண்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுக்காக உட்லண்ட்ஸ் சாலையில் எழுந்த கிராஞ்சி போர் நினைவகம் 1957 மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. இங்குள்ள 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 850க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. அடங்கியிருப்பவர் யாரென்று இறைவனுக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு வரி மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லறையே கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் வரிசையாக உள்ளன. அவற்றுள் இந்தியப் படையினர் பெயர்கள் ஏராளம். பெரிய நினைவகத்துக்குப் பின்னால் தகனம் செய்யப்பட்டோருக்கென ஒரு தனி நினைவிடமும் உண்டு. ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலும் இந்திய வீரர்கள், தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்டதை அது பதிவு செய்கிறது. போர்க்காலக் குழப்பத்திலும் இறந்தவரின் சமயம் மதிக்கப்பட்டிருக்கிறது. நவம்பரில் நினைவு ஞாயிறன்றும், ஏப்ரல் 25ஆம் தேதி விடியலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களுக்காகவும் இங்கே வழிபாடு நடக்கிறது.

போரில் மாண்ட பொதுமக்களுக்கு பீச் ரோட்டில் நான்கு தூண்கள் நிற்கின்றன. 1967 பிப்ரவரி 15ஆம் நாள் திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தின் அடியில், யாருடையவை என்று பிரித்தறிய முடியாத எலும்புகள் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அதே நாளில் பல சமயத்தவரும் அங்கே ஒன்றாக நின்று பிரார்த்திக்கிறார்கள்.

இவ்வளவும் கிட்டாதவர்களும் உண்டு. அதே போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுக் கைதிகளுக்குக் கஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு நெடுங்காலம் ஒரு கல்லும் இல்லை. வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படிப்படியாக வகுக்கிறது. அந்த மரபில் வந்தவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் அமைய 2023 ஆகிவிட்டது.

இராமேசுவரம் போக முடிந்தவர் போகட்டும். போக முடியாதவருக்கு உட்லண்ட்ஸிலிருந்து கிராஞ்சி இரண்டே ரயில் நிலையத் தொலைவு. நுழைவுக் கட்டணமும் இல்லை. வரும் தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். சுவரில் உள்ள ஒரு பெயரையாவது அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும்.