முடிவு தெரியாதவர்கள்

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பத்து நோயாளிகளுக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுக்கிறார்கள். இரண்டாவது மாதம் ஒருவர் இறந்துபோகிறார். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு இன்னொருவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஐந்தாவது மாதம் மற்றொரு மரணம். மீதி ஏழு பேர். இப்போது சொல்லுங்கள், பிழைத்தவர்கள் எத்தனை சதவிகிதம்?

காணாமல் போனவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்தால் 70. உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 80. 'அந்த ஆளே வேண்டாம்' என்று பெயரை அடித்துவிடலாமா? அந்த மனுஷர் மூன்று மாதம் உயிரோடு இருந்தது நிஜமாச்சே!

புள்ளியியலில் இவர்களை 'சென்ஸார்' ஆனவர்கள் என்பார்கள். சினிமா சென்ஸார் மாதிரி யாரும் கத்தரி போடவில்லை. படம் முடிவதற்குள் நாம் தியேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

1958-ல் எட்வர்டு கேப்ளன், பால் மையர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு மரணத்தின்போதும், அந்த நிமிடம்வரை கண்முன்னால் இருந்தவர்களை மட்டும் எண்ணு. முதல் மரணத்தில் பத்துக்கு ஒன்பது மிச்சம். அடுத்ததில் எட்டுக்கு ஏழு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 79 சதவிகிதம். பாதியில் போனவரும், தான் இருந்த மூன்று மாதத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுத்தான் போகிறார். இரண்டு மருந்துகளை ஒப்பிடும் 'லாக்-ராங்க்' சோதனையும் இதே பாணிதான். மருந்துகளுக்குள் வித்தியாசமே இல்லையென்றால் எந்த அணியில் எத்தனை சாவு விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு மரணத்தின்போதும் கணக்கிட்டு, நிஜத்தோடு வைத்துப் பார்ப்பார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இது புரிகிற விஷயம்தான். மார்ச் 31-ம் தேதி பாதியில் நிற்கும் கட்டடத்தை முழு லாபமாகவும் எழுத முடியாது, நஷ்டம் என்றும் தள்ள முடியாது. அன்றுவரை நடந்த வேலை எவ்வளவோ அவ்வளவு. ஆனால், கட்டடம் காத்திருக்கும். மனுஷ உயிர்?

1986-ல் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. எய்ட்ஸுக்கு மருந்தே இல்லாத காலம். அமெரிக்காவில் ஏ.இஸட்.டி. என்ற மருந்தை 282 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 145 பேருக்கு மருந்து, 137 பேருக்கு மருந்தில்லாத வெறும் கேப்ஸ்யூல். திட்டம் 24 வாரம். செப்டம்பரில் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், மருந்து அணியில் இறந்தவர் ஒருவர். வெறும் கேப்ஸ்யூல் அணியில் 19 பேர். உடனே சோதனையை நிறுத்தி, மற்றவர்களுக்கும் மருந்து தர முடிவானது. அப்போது 24 வாரத்தை முழுசாக முடித்திருந்தவர்கள் வெறும் 27 பேர்!

நிறுத்தியது சரியா? தொடர்ந்திருந்தால் பலன் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்திருக்கும். ஆனால், அந்தத் தகவலுக்கு விலை? வெறும் கேப்ஸ்யூல்காரர்களின் உயிர்.

நிறுத்தியது சரி என்பதுதான் என் கட்சி. நாளைய நோயாளிக்குத் தகவல் வேண்டும் என்பதற்காக, இன்றைய நோயாளியைச் சாகவிட முடியாது. ஆனால், நிறுத்திய கையோடு ஒரு கடனும் வந்து சேர்கிறது. சில மாதத்து வெற்றியைப் பல வருஷத்து வெற்றியாகப் பேசக் கூடாது. 1994-ல் கான்கார்டு ஆய்வு வெளியானது. அதில் இருந்தவர்கள் வேறு மாதிரி, இன்னும் நோய் அறிகுறி தெரியாதவர்கள். உடனே ஏ.இஸட்.டி. தொடங்கியவர்களில் மூன்று வருஷம் பிழைத்திருந்தவர்கள் 92 சதவிகிதம். தள்ளிப்போட்டவர்களில் 94. சீக்கிரம் தொடங்கினால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

இன்னொரு கடனும் உண்டு. அந்த 79 சதவிகிதத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பாதியில் போனவரும் இருந்தவர்களைப் போலத்தான் என்ற நம்பிக்கை. ஊர் மாறிப் போயிருந்தால் சரி. மருந்து ஒத்துக்கொள்ளாமல் படுத்த படுக்கையாகி வராமல் போயிருந்தால்? கணக்கு பொய். இதை எந்த ஃபார்முலாவும் கண்டுபிடிக்காது. யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை 'ஆயுளைக் கூட்டும் அதிசய மருந்து' என்று பேப்பரில் படித்தால், பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பாதியில் போனவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தேடிப் போனார்களா என்றும் கேளுங்கள்.