நீண்ட நூலை உடையவன்

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், தாமஸ கர்த்தாவின் இயல்புகளை அடுக்கும் பட்டியல் ‘தீர்க்கஸூத்ரீ’ என்ற சொல்லுடன் முடிகிறது. ‘நீண்ட நூலை உடையவன்’ என்பது நேர்ப்பொருள். இன்று முடிய வேண்டியதை ஒரு மாதம் இழுப்பவன். மொழிபெயர்ப்பவர்கள் ‘காலம் தாழ்த்துபவன்’ என்று எழுதிவிட்டு அடுத்த சுலோகத்திற்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் அதே பட்டியலில் ‘அலஸன்’, அதாவது சோம்பேறி, தனியாகக் கூறப்பட்டிருக்கிறான். திருவள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் என நான்காகவே எண்ணுகிறார். தாமதமும் சோம்பலும் ஒன்றென்று அவர்கள் சொல்லவில்லை, நாம்தான் ஒன்றாக்கிவிட்டோம்.

விரும்பியும் முயன்றும் காலத்தைக் கையாள இயலாதவன் ஒழுக்கத்தில் தாழ்ந்தவனா?

எங்கே தொடங்குவது, எதன் பின் எது, எவ்வளவு நேரம் ஆகும் என்று கணித்து, நடுவில் மறவாமல் முடிப்பதற்குத் தனித் திறன்கள் வேண்டும். உளவியலார் இவற்றை நிர்வாகச் செயல்பாடுகள் என்கின்றனர். மூளையின் முன்மடலுக்கு இவற்றில் பெரும் பங்குண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடமும் தலையில் காயம்பட்டவர்களிடமும் மனச்சோர்வுற்றவர்களிடமும் இவை தளர்கின்றன. (கீதை ‘தீர்க்கஸூத்ரீ’க்கு முந்தைய சொல்லாக ‘விஷாதீ’, சோர்வுற்றவன், என்பதை வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.)

1848-இல் அமெரிக்காவின் வெர்மான்டில், ரயில் பாதைப் பணியின் மேற்பார்வையாளர் பினியஸ் கேஜின் தலையை ஓர் இரும்புத் தண்டு துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார். எடுத்த திட்டத்தை விடாமல் முடிப்பவர் என்று பெயர் பெற்றிருந்த அவர், அதன்பின் திட்டங்களை வகுப்பதும் வகுத்தவுடன் கைவிடுவதுமாக இருந்தார் என 1868-இல் அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதினார். ஒரு மாலைப் பொழுதில் அவருடைய ஒழுக்கமா கெட்டுப்போயிற்று? அதே மனிதர் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். வேளையும் வழியும் வரையறுக்கப்பட்ட அந்த வேலையே அவரைத் தாங்கியது என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

‘அப்படியானால் இது நல்ல சாக்கு அல்லவா?’ என்று கேட்கலாம். சாக்காகவும் ஆகக்கூடும். பொறுப்பு நீங்குவதில்லை, அதன் இடம்தான் மாறுகிறது. நினைவு தங்காதவனுக்கு எழுதி வைப்பதே கடமை. நேரம் போவது தெரியாதவன் மணி ஒலிக்கச் செய்ய வேண்டும். பெரும்பணியின் முன் திகைப்பவன் முதல் கால்மணி நேர வேலையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இயலாததற்கு வாக்குக் கொடாதிருத்தல் இவை எல்லாவற்றிலும் கடினம். ‘இன்னும் முயற்சி செய்’ என்று அறிவுரை கூறும் சுற்றத்தார், அதற்குப் பதில் அருகில் அமர்ந்து தொடங்கி வைத்தால் அது பெரிய உதவி.

வெளியிலிருந்து வரும் ஒழுங்கு நமக்குப் புதிதன்று. மைசூர்ப் பக்கத்து மாதேஸ்வர மலையின் அடியில் ஓடும் பாலாறு காவிரியில் கலந்து மேட்டூருக்கு வருகிறது. மழைக்குத் தேதி கிடையாது. 1934-இல் முடிக்கப்பட்ட அணை நீரைத் தேக்கி வைப்பதால், தஞ்சை உழவர் ஜூன் 12-ஐ எண்ணிக் குறுவைக்கு ஆயத்தமாகிறார்.

பிறர் துணையை நாடுவது இழுக்கு என்போர் காண்டை நினைக்கலாம். மனிதன் தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்வதையே அறத்தின் அடிப்படையாகக் கொண்ட தத்துவஞானி அவர். அதிகாலை ஐந்து மணிக்கு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது பணியாள் லாம்பேயின் வேலை. எஜமானர் எவ்வளவு கெஞ்சினாலும் தூங்க விடக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்டிருந்த கட்டளை.