குறையைச் சொல்வது குறையாகுமா?

கொடுப்பதைப் பற்றி நம் ஏடுகள் நிறையவே எழுதிவிட்டன. ஜகாத்தின் கடமை, ஸதக்காவின் சிறப்பு, கொடையாளரின் மறுமைப் பேறு ஆகியவற்றை அறியாத வாசகர் இரார். கேட்பதைப் பற்றியோ நாம் அதிகம் சிந்தித்ததில்லை. தன் குறையைப் பிறர் முன் எடுத்துரைத்து உதவி கேட்பது மானக்கேடா, அல்லவா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனுச் செய்யக் கீழ்வேளூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் புறப்படுவோர் உள்ளத்தில் அது எழுகிறது. சிலரைப் புறப்படவிடாமலே தடுத்தும் விடுகிறது.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே வயல் சூழ்ந்த ஊர் கீழ்வேளூர். இந்த மண்ணில் ஏழைக்கு உடலே முதல். நாற்று நட முதுகு வளையவேண்டும். கதிர் அறுக்க விரல் மடங்கவேண்டும். ஈர வரப்பில் நடக்கக் கால் ஊன்றவேண்டும். உடல் தளர்ந்தவன் இங்கே முதலில் கற்றுக்கொள்வது தளர்ச்சியை மறைக்கும் வித்தையைத்தான். ‘முடியும்’ என்று சொன்னால்தானே நாளைக்கும் கூலிக்கு அழைப்பார்கள்! ஆண்டுக்கணக்கில் ‘முடியும்’ என்று சொல்லிப் பழகிய நாவை, ஒருநாள் மருத்துவர் முன்னே ‘முடியாது’ என்று சொல்லச் சொல்கிறது சட்டம். அது எளிதன்று.

சட்டம் கேட்பதும் சிறிதன்று. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. அதன் சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு என்பது வாயிற்படி. 2009 இல் மைய அரசு தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமோ 80 விழுக்காட்டை எல்லையாக வைத்தது. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை வழியே வழங்கும் மாத உதவித்தொகையை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தியது. தொகை பெரிதன்று, ஆயினும் அடுப்பெரியாத வீட்டுக்கு அது அரிசி.

ஒரு மனிதனை விழுக்காட்டில் அளக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். முடியாது என்பதே உண்மை. மருத்துவர் அளப்பது முழங்காலின் மடக்கத்தை, கண்ணின் பார்வையை, செவியின் கேள்வியை. அந்த முழங்கால் சேற்றில் இறங்குமா என்பதை அளக்கும் கருவி அவர் மேசையில் இல்லை. இறைவனிடத்தில் அந்த மனிதனின் மதிப்பு என்ன என்பதோ எந்தக் கருவிக்கும் எட்டாதது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்த வேளையில், குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கவனத்தை அவர்பால் திருப்பியது ‘அபஸ’ என்னும் அத்தியாயம். பின்னர் அவரே மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், பெருமானார் வெளியூர் சென்ற வேளைகளில் அவர்களின் பிரதிநிதியாகவும் விளங்கினார். ஆகவே, விழுக்காடு என்பது உதவியைப் பங்கிடும் அளவுகோல் மட்டுமே, மனிதனின் எடையன்று. இத்தெளிவு வந்துவிட்டால், சான்றிதழில் உள்ள எண் நெஞ்சைச் சுடாது.

‘பொறுமை காப்பதல்லவா ஈமான்? குறையைச் சொல்லிக்கொண்டு அலைவது விதியை நோவதாகாதா?’ என்பார் உளர். பொறுமைக்கு இலக்கணமாக நாம் காட்டுவது நபி அய்யூப் (அலை) அவர்களை. தமக்குத் துன்பம் தீண்டிவிட்டதென்று அவர்கள் வாய்விட்டு முறையிட்டதைத் திருமறையே கூறுகிறது. அவர்களைப் பொறுமையாளர் என்று புகழ்வதும் அதே திருமறைதான். துன்பத்தை எடுத்துரைப்பது வேறு, துன்பத்துக்காக இறைவனை நோவது வேறு என்பது இதனால் விளங்கும்.

‘அவர்கள் முறையிட்டது இறைவனிடம், மனிதனிடம் அன்றே?’ என்று மேலும் வினவலாம். அதற்கும் விடையுண்டு. கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்னும் தோழர், பிறருக்காக ஏற்ற பொறுப்பைத் தீர்க்க இயலாமல் நபிகளாரிடம் உதவி கேட்டு வந்தார். பெருமானார் அவரைக் கடியவில்லை. ஸதக்கா வரும்வரை இருக்கச் சொன்னார்கள். கேட்பது ஆகுமான மூவரையும் எடுத்துரைத்தார்கள்: பிறர் பொறுப்பை ஏற்றவர், பேரிடரால் பொருளிழந்தவர், வறுமையுற்றவர். மூன்றாமவருக்கு அவருடைய சமூகத்து அறிவுடையோர் மூவர் சான்று பகரவேண்டும் என்றும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. கைநீட்டித் திரிவதைக் கண்டித்த அதே மார்க்கம், சான்றுடன் கேட்பதற்கு வாயில் திறந்துவைத்தது. வள்ளுவரும் ‘இரவு’, ‘இரவச்சம்’ என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது எண்ணத்தக்கது.

இன்னும் ஒன்று. அரசின் கருவூலத்திலிருந்து பெறுவது பிச்சையே அன்று. முதுமையும் குருடும் வாட்ட இரந்து நின்ற யூதர் ஒருவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பைத்துல்மாலிலிருந்து அவருக்கு வழங்கச் செய்த செய்தியை இமாம் அபூயூஸுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ உரைக்கிறது. இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அன்னாரின் கருத்து. 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீது, நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் அளித்ததாக வரலாறு கூறும். நம் அரசியல் சட்டத்தின் 41 ஆம் விதியும் முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் பொது உதவி கிடைக்கச் செய்யுமாறு அரசை நெறிப்படுத்துகிறது. வயலில் உழைத்து நாட்டுக்குச் சோறிட்டவன் அந்நாட்டின் கருவூலத்தை நாடுவதில் நாணம் எதற்கு?

அப்படியாயின், மனு என்பது ஒரு சாட்சியம். தன்னைப் பற்றித் தானே பகரும் சாட்சியம். சாட்சியத்தில் கூட்டுவதும் பாவம், குறைப்பதும் பிழை. இல்லாத ஊனத்தைக் காட்டுபவன் பொய்ச்சான்று பகர்கிறான். உண்மையில் இயலாதவன் ஒருவனின் பங்கையும் பறிக்கிறான். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91 ஆம் பிரிவு அதற்கு 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மானத்துக்கு அஞ்சி, ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மருத்துவரிடம் சிரித்துவிட்டு வருபவனும் உண்மையைச் சொன்னவன் ஆகான். அவன் மறைத்ததன் விலையை அவன் மனைவி மக்கள் செலுத்துகிறார்கள்.

ஆகவே ஆயத்தம் என்பது தாள்களைச் சேர்ப்பதோடு முடிவதன்று. எத்தனை அடி நடந்தால் உட்காரவேண்டியிருக்கிறது, குளிக்கவும் உடுக்கவும் யார் துணை, நோய் மிகுந்த நாள் எப்படிக் கழிகிறது என்பனவற்றை முன்கூட்டியே எண்ணி எழுதிவைத்தல் நலம். மருத்துவமனைச் சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்குதல் நலம். நம்மவர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஆதாரில் ‘முகம்மது’, குடும்ப அட்டையில் ‘முஹம்மத்’, வங்கிப் புத்தகத்தில் ‘முகமது’! ஒரே ஆளை மூவராக்கும் இந்த எழுத்து வேறுபாட்டை முதலில் நேர்செய்துகொள்ளவேண்டும். சான்று மறுக்கப்பட்டால் அதே சட்டத்தின் 59 ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடமளிக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் நடக்க இயலாத ஒருவர் தனியே செய்துமுடிப்பாரென்று எதிர்பார்ப்பது முறையா? மூவர் சான்று பகரவேண்டும் என்ற நபிமொழி, கேட்பவர்மீது மட்டும் சுமத்திய கடமையன்று. அம்மூவர்மீதும் சுமத்திய கடமையாகும். வெள்ளிதோறும் கூடும் ஜமாஅத்தில் படிக்கத் தெரிந்த இளைஞர் மூவர் முன்வந்து, மஹல்லாவில் யார் வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார் என்று அறிந்து, இ-சேவை மையத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் உடன் சென்றால் போதும். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களுக்கும் அது உரியது. உமர் (ரலி) அவர்கள் வழங்கியது ஒரு யூதருக்கு என்பதை நினைவில் வைப்போம்.

கேளாமல் இருப்போரின் தன்மானத்தைத் திருமறை போற்றுகிறது. அத்தகையோரை அவர்களின் முகக்குறியால் அறிந்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த முகங்களை நோக்கும் கண்களை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.