பொறுத்தருள வேண்டுதல்

தசலட்சண பர்வத்தின் நிறைவில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். பொதுவில் அவ்வாறு சொல்வதில் எனக்கு இடர்ப்பாடு இருந்ததில்லை.

1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் குன்னூரில் என் வகுப்பிலும் பயின்றனர். நாள்தோறும் தாமதித்து வந்த சிறுமி ஒருத்தியைச் சோம்பேறி என்று அனைவர் முன்னும் இகழ்ந்தேன். தாய் கொழுந்து பறிக்கச் சென்றபின், தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டே அவள் மலையேறி வருகிறாள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அநேகாந்தத்தை என் மக்களுக்கு மாலைதோறும் விளக்கியவள் நான்!

அவ்வாண்டுப் பர்வ நிறைவில் அத்தாயிடம் சென்று கைகூப்பினேன். "அதுக்கென்னங்க டீச்சர், பிள்ளை மறந்திருக்கும்" என்றார், கூடையை இறக்காமலே. சிறுமியோ என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளிடம் கேட்க எனக்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று.