புறவாசலில் கேட்ட பிரசங்கம்

(தியானப் பகுதி: மத்தேயு 6:25-34; லூக்கா 12:6,7,24)



இந்த மாதச் செய்தியை ஓர் அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். முப்பது வருஷமாக ஆகாயத்துப் பறவைகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். கடன்பட்ட வீட்டில், வேலை போன வாலிபனிடத்தில், உபவாசக் கூட்டத்தில் என்று மத்தேயு 6-ம் அதிகாரத்தை எத்தனை தரம் திறந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் ஒரு குருவியையாவது ஐந்து நிமிஷம் நின்று பார்த்தேனா? இல்லை, பிரியமானவர்களே. ஒரு நாளும் இல்லை.

ஆண்டவர் என்ன சொன்னார்? கவலைப்படாதே என்று மாத்திரம் சொல்லவில்லை. பறவைகளைக் கவனிக்கும்படியும் சொன்னார். மூலபாஷையில் அந்த வார்த்தைக்கு, போகிறபோக்கில் பார்ப்பது என்று அர்த்தமல்ல. உற்று நோக்குவது என்று அர்த்தம். முதல் கட்டளையைச் சபைக்குச் சொன்னேன். இரண்டாவது கட்டளைக்கு நானே கீழ்ப்படியவில்லை. அதனால்தான் முதல் கட்டளையும் என் வாழ்க்கையில் நிறைவேறவில்லை.

2022 ஜூன் மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சங்கிலி ஜெபம் பண்ணினீர்கள். கர்த்தர் உயிர்ப்பிச்சை தந்தார். அல்லேலூயா! ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம்முடையது விசுவாச ஊழியம். மாதச் சம்பளம் கிடையாது. மூத்த மகளுக்கு நர்சிங் படிப்பின் கடைசி வருஷக் கட்டணம் பாக்கி. ஜெபவீட்டுக் கூரைக்காக என் பெயரில் வாங்கின கைமாற்று வேறு. ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு, வேதாகமத்துக்கு அடியில் வைத்திருந்த ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். விடிந்ததும் எழுந்துபோய், கவலைப்படாதிருங்கள் என்று பிரசங்கம் பண்ணுவேன். நெஞ்சு வலிக்காமல் என்ன செய்யும்?

டாக்டர் மூன்று மாதம் ஓய்வு என்று சொல்லிவிட்டார். சத்தம் போட்டுப் பிரசங்கிக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. என் மனைவி புறவாசல் நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இங்க உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்றாள். நம் வீட்டுப் புறவாசல் உங்களுக்குத் தெரியும். துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, அவ்வளவுதான். அந்த இடத்தையே கர்த்தர் எனக்கு வேதபாட சாலையாக்கினார்.

1. காகத்தினால் கற்றது

பல வருஷமாக என் மனைவி காலையில் துவைக்கிற கல்லின்மேல் ஒரு கை சோறும், பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீரும் வைப்பாள். நான் அதற்காக அவளைக் கடிந்துகொண்டதுண்டு. "கடன் இருக்கிற வீட்டில காக்காவுக்குச் சோறா? பாக்கிற விசுவாசிங்க என்ன நினைப்பாங்க? ஊர்ல முன்னோருக்கு வைக்கிற மாதிரி இருக்கே!" என்பேன். அவள் சத்தம் போடமாட்டாள். "நான் முன்னோருக்கு வைக்கலீங்க. பசிச்ச பட்சிக்கு வைக்கிறேன். எலியா தீர்க்கதரிசிக்கு அது அப்பமும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுத்துச்சே, நாம ஒரு வாய் சோறு கொடுத்தா என்ன?" என்பாள். பிரசங்கியாருக்கு அன்றைக்குப் பதில் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான் அந்தக் கல்லை முழுதாகப் பார்த்தேன். முதலில் காகம் வரும். அது ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறக்கும், அடுத்தது வரும். காகம் போனபிறகு அணில். அப்புறம் கூட்டமாய் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் சலசலவென்று சண்டை போட்டுக்கொண்டு வந்து, சிந்தின பருக்கையைப் பொறுக்கும். மதியம் வெயிலில் கொண்டைக்குருவி ஜோடியாய் வந்து சட்டித் தண்ணீரில் முங்கி எழும். அது சிறகை உதறுகிற சந்தோஷத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

லேவியராகமம் 11-ம் அதிகாரத்தில் காகம் அசுத்தமான பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. பலிபீடத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் லூக்கா 12-ல் ஆண்டவர் பிதாவின் பராமரிப்புக்கு உதாரணம் காட்டும்போது, புறாவையோ மயிலையோ சொல்லாமல் அந்தக் காகத்தையே சொன்னார். தள்ளப்பட்டதென்று எண்ணப்பட்டதற்கும் பிதாவின் பந்தியில் பங்கு உண்டு. அந்தக் காகமோ, தன் கூட்டில் குயில் இட்டுப்போன முட்டையையும் அடைகாத்து, தன் குஞ்சல்லாததற்கும் இரை ஊட்டி வளர்க்கிறது. அன்றைக்கு என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க, கஞ்சி ஆறுது" என்றாள்.

2. தையல்காரக் குருவியினால் கற்றது

ஒரு நாள் கொய்யாவில் ஒரு சின்னக் குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. உச்சந்தலையில் செம்பழுப்பு, முதுகு பச்சை, வால் நிமிர்ந்து நிற்கும். பத்து கிராமுக்குக்கூட எட்டாத உடம்பு. சத்தமோ தெருமுனை வரைக்கும் கேட்கும். அதுதான் தையல்காரக் குருவி, தையல்சிட்டு என்றும் சொல்வார்கள்.

அது இலையைத் தைக்கிறதை என் கண்ணால் பார்த்தேன், சபையாரே. அலகினால் இலையின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போடுகிறது. சிலந்தி நூலையும் பஞ்சு இழையையும் கொண்டுவந்து துளைக்குள் நுழைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து இழுக்கிறது. இழையின் நுனி பிரிந்து விரிந்து, ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. இலையை அது கிள்ளிப்போடுவதில்லை. இலை மரத்திலேயே பச்சையாயிருக்கிறது. அந்தப் பைக்குள் பஞ்சை வைத்து மெத்தையாக்குகிறது. இரண்டடி தூரத்தில் நின்றாலும் கூடு இருக்கிறதென்று தெரியாது. இதற்கு ஊசி கொடுத்தது யார்? தையல் சொல்லிக்கொடுத்தது யார்?

சுமார் 12 நாள் அடைகாத்தபிறகு மூன்று குஞ்சு பொரித்தது. தாயும் தகப்பனும் மாறிமாறிப் புழுவும் பூச்சியும் கொண்டுவந்தன. ஒரு நாள் காலையில் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் இருபது தரத்துக்கு மேல்! விதைப்பதில்லை, அறுப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். ஆனால் பறவை சோம்பேறி அல்ல. அது உழைக்கிறது, கவலைப்படாமல் உழைக்கிறது. நான் உழைத்தேன், ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு உழைத்தேன். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்றையும் ஆவியானவர் காண்பித்தார். தாய்ப்பறவை வந்து கிளை அசைந்த உடனே, கண் திறக்காத அந்தக் குஞ்சுகள் வாயைப் பிளக்கின்றன. உடம்பே வாய்தானோ என்று தோன்றும். வாயைத் திறவாத குஞ்சுக்கு எப்படி ஊட்டுவது? சங்கீதம் 81:10-ல் கர்த்தர் இஸ்ரவேலிடத்தில் இதைத்தானே கேட்டார்? நானோ வருஷக்கணக்காய் வாயை மூடிக்கொண்டிருந்த குஞ்சு. ஆண்டவரிடத்தில் மனம்விட்டுச் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. மூப்பர்களுக்கும் சொல்லவில்லை. பிதா குஞ்சுக்குத் தாயின் அலகினாலே ஆகாரம் கொடுக்கிறார். எனக்குக் கொடுக்க அவர் வைத்திருந்த அலகுகளை நானே தள்ளிவைத்திருந்தேன்.

அன்று ராத்திரி அந்த நோட்டை எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் அரிக்கேன் விளக்குக் காலத்திலிருந்து என்னோடு ஊழியத்தில் நிற்கிறவள். முழுசும் வாசித்துவிட்டு, "இத்தனை நாளா தனியாவா தூக்கிட்டு இருந்தீங்க?" என்று ஒரே வார்த்தை கேட்டாள். மறுநாள் மூப்பர்களைக் கூப்பிட்டுச் சொன்னோம். வானத்திலிருந்து பணம் கொட்டவில்லை, பிரியமானவர்களே. கூரைக் கடனைச் சபை தன் கடனாக ஏற்றுக்கொண்டு, மாதாமாதம் கொஞ்சங்கொஞ்சமாய் அடைத்தது. பூ விற்கிற ஒரு சகோதரி தன் சுருக்குப்பையை அவிழ்த்து, மகளின் படிப்புக்கென்று முதல் காணிக்கையைக் கொடுத்தாள். இருபது தரம் பறந்து வந்த அந்தக் குருவியை நினைத்துக்கொண்டேன்.

3. விழுந்த கூட்டினால் கற்றது

இதோடு முடித்தால் நல்ல பிரசங்கமாயிருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமே.

குஞ்சு பொரித்து ஆறாம் நாள் காலையில் தாய்ப்பறவையின் அலறல் கேட்டது. நான் எழுந்து போகிறதற்குள் செம்போத்து ஒன்று கொய்யாவிலிருந்து இறங்கிப் போனது. தைத்த இலை கிழிந்து தொங்கியது. மூன்று குஞ்சும் இல்லை. அந்த இரண்டு குருவிகளும் அன்றைக்கு முழுவதும் அந்தக் கிளையையே சுற்றிச்சுற்றிக் கத்தின. ஒன்றின் அலகில் புழு இருந்தது. கொடுக்க வாய் இல்லை.

நான் அழுதேன். "ஆண்டவரே, நீர் போஷிக்கிறீர் என்று இப்போதுதானே நம்பத் தொடங்கினேன்" என்று முறையிட்டேன். அப்பொழுது மத்தேயு 10:29 என் நினைவுக்கு வந்தது. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1985-ல் எழுதிய சுயசரிதைக்கு 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ', அதாவது ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இந்த வசனந்தான் ஞாபகம் வரும். அதில் ஆண்டவர், குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. கவனியுங்கள்! பிதாவை அல்லாமல் அது விழுவதில்லை என்றுதான் சொன்னார். அது விழுகிற இடத்திலும் பிதா இருக்கிறார்.

சந்தையில் இரண்டு குருவி ஒரு காசு என்று மத்தேயு சொல்லுகிறார். அப்படியானால் இரண்டு காசுக்கு நாலுதானே? லூக்கா 12:6-ல் ஐந்து இருக்கிறது. ஐந்தாவது கொசுறு! விலையே இல்லாதது. அந்தக் கொசுறுக் குருவியையும் தேவன் மறப்பதில்லை. நம் தமிழ் வேதாகமத்தில் அதற்கு இட்டிருக்கிற பெயரைப் பாருங்கள்: அடைக்கலான் குருவி. வீட்டு ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே அடைக்கலம் தேடுகிறதால் நம் முன்னோர் வைத்த பெயர். சங்கீதம் 84-ல் அது கர்த்தருடைய பீடங்களண்டையிலே வீடு கண்டுபிடிக்கிறது.

நம் சபையில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்காருகிற தாய் உண்டு. நடுவயதில் கணவனை இழந்தவர்கள் உண்டு. "பாஸ்டர், விசுவாசம் குறைஞ்சதாலயா இப்படி?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு அந்த நாட்களில் அவசரமாய் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்காக இந்தப் பத்திரிகையின் மூலம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்றைக்கு உங்களிடத்தில் சொல்லுகிறது ஒன்றே: உங்கள் கூடு விழுந்த நாளில் பிதா வேறெங்கும் போயிருக்கவில்லை.

பத்து நாள் கழிந்தது. எலுமிச்சைச் செடிப் பக்கம் அதே சத்தம்! அதே ஜோடிதான் என்று என் மனைவி அடித்துச் சொன்னாள். மறுபடியும் துளை, மறுபடியும் நூல், மறுபடியும் பஞ்சு. போன மூன்று குஞ்சும் திரும்ப வரவில்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவை தைக்கிறதை விடவில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு விடியற்காலையில் மூன்று குஞ்சுகள் எலுமிச்சங்கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாய்ப் பறந்தன. நானும் என் மனைவியும் காப்பி ஆறுவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். அந்த வாரந்தான் நான் திரும்பப் பிரசங்க மேடை ஏறினேன்.

பிரியமானவர்களே, நீங்கள் செய்யவேண்டியது

உபாகமம் 22:6,7-ல், கூட்டிலிருக்கிற தாய்ப்பறவையைத் தொடவேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டளை. அதோடு நீடித்த நாட்களின் வாக்குத்தத்தமும் இருக்கிறது. 2020-ல் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தார், தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டியில் ஒரு குருவி கூடு கட்டினதற்காக, ஒரு மாதத்துக்கும் மேல் விளக்குப் போடாமல் இருட்டிலிருந்தார்கள். வேதத்தைக் கையில் வைத்திருக்கிற நாம் என்ன செய்கிறோம்?

கோடையில் ஆழமில்லாத ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். செடியில் நாலு புழு இருந்தால் உடனே மருந்து அடிக்காதிருங்கள்; தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். கூட்டை அடிக்கடி எட்டிப் பார்க்காதிருங்கள். நீங்கள் போகிற வழியைக் காகமும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கையில் உண்டிவில் இருந்தால் வாங்கிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். அது வீண்பொழுது அல்ல, கீழ்ப்படிதல்.

உங்களுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாம். வேதாகமத்துக்கு அடியிலோ, தலையணைக்கு அடியிலோ. இன்றைக்கே அதை ஆண்டவருடைய சமுகத்தில் விரித்துவையுங்கள். அப்புறம் வீட்டில் ஒருவரிடத்திலாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரலோக பிதாவே, கொசுறுக் குருவியையும் மறவாதவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கவலைகளை ஒளித்துவைத்தோம், மன்னியும். வாயைத் திறக்கிறோம், நிரப்பும். கூடு விழுந்த வீடுகளில் நீரே இரும். மறுபடியும் தைக்கப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.